வாயால் ஓட்டிய வண்டி

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே. அவர்தான் எனக்குச் சம்பளமும் தருகிறார் என்பதால் இன்னொரு முறையும் சொல்லிக்கொள்கிறேன், தலைவர் அவர்களே. அவருக்கு வலப்புறம் வீற்றிருந்து, நம் பள்ளிகளின் மாணவர்களைத் தேறவைத்தும் திணறவைத்தும் வரும் தேர்வு ஆய்வாளர் ஐயா அவர்களே. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கரங்களுக்குச் சொந்தக்காரர்களான மூத்த பயிற்சியாளர்களே. கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி உயிரை விட்ட என் தோழர்களே. மீதிப் பாதியை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தாய்மார்களே. மூன்றாவது வரிசையில் அமர்ந்து, சீக்கிரம் முடியுங்கள் என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் துணைவியார் அவர்களே. உங்கள் எல்லோருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, எரிபொருள் விலையும் நம் வாழ்வும். தலைப்பு பெரிது, பேச வந்தவன் சிறியவன். நான் பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு வருகிறதே என்று என் மகளிடம் சொல்வேன். அவள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

நான் பேசி முடித்ததும் இங்கே ஒரு தீர்மானம் வாசிக்கப்பட இருக்கிறது. நம் சங்கத்தில் உள்ள எல்லா டிரைவிங் ஸ்கூல்களும் இனிமேல் பாதி வகுப்புகளை என்ஜினை அணைத்துவிட்டே நடத்த வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். அந்த முறையைக் கண்டுபிடித்தது எங்கள் பள்ளி. அதை முதன்முதலில் நடத்திய வாத்தியார் அடியேன். அதன் பெருமையை எடுத்துச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். சொல்கிறேன். பெருமையை மட்டும் சொல்வேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தலைவர் திரும்பிப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, தாராளமாகப் பாருங்கள்.

நண்பர்களே, எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். விலை ஏறுகிறது, விலை ஏறுகிறது என்கிறோமே, ஏறிய விலை எங்கே போய் இறங்குகிறது? பையிலா? பேச்சிலா? பக்கத்து வீட்டுப் பகையிலா? பள்ளிப் பாடத்தில் வராத ஆராய்ச்சி எனக்கு இதில் வந்துவிட்டது. இருபத்தொரு வருடமாக மனிதர்களின் முகத்தைவிடப் பாதத்தையே அதிகம் பார்த்து வயிறு வளர்த்தவன் நான். அதனால் கண்டுபிடித்துவிட்டேன். ஏறிய விலை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் மனிதனுடைய வலது காலின் பெருவிரலில்தான் வந்து இறங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு போட்டோக்காரர். முன்பெல்லாம் தெருமுனையில் பேனா வாங்கவும் வண்டி, பேனாவுக்கு மூடி வாங்கவும் வண்டி. இப்போது ஒரு வேலை வந்தால் கைக்குட்டையில் ஒரு முடிச்சுப் போடுகிறார். நான்கு முடிச்சு சேர்ந்தால்தான் வண்டியை எடுக்கிறார். போன மாதம் நான்கும் சேர்ந்தன, கிளம்பினார். எந்த முடிச்சு எந்த வேலைக்கு என்பது மறந்துபோய் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டு குமாஸ்தாக்கள். வண்டி நிறுத்தும் இடத் தகராறில் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. விலை ஏறியது, இப்போது ஒரே காரில் வேலைக்குப் போகிறார்கள். பகை தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? தீரவில்லை. போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. இவர் இறங்க வேண்டிய இடம் வந்தால் இருமுவார், அவர் நிறுத்துவார். பெரியவர்கள் கூடிப் பேசி உட்காரவைக்க முடியாத இரண்டு பேரை, பெட்ரோல் ஒரே வண்டியில் உட்காரவைத்துவிட்டதே, இது என்ன விந்தை?

ஏன், இந்த மேதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை உருட்டாதே என்று மாணவர்களின் காதைத் திருகுகிறவன் நான். திரும்பி வரும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதே இறக்கத்தில் என் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். ஊருக்கு உபதேசம். ஆய்வாளர் ஐயா குறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது. அது பழைய கதை ஐயா, இப்போது இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

விலை மூன்றாவது முறை ஏறிய வாரம் எங்கள் முதலாளி, அதாவது நம் தலைவர், என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், கிளட்ச்சை மிதிக்க, கியரைப் போட, ஸ்டியரிங்கைத் திருப்ப என்ஜின் எதுக்கு? ஷெட்டுல நிறுத்தியே சொல்லிக்குடுங்க. கடைசி ரெண்டு கிளாஸ் மட்டும் ரோட்டுல போதும். அதுவும் சமதளமா பாத்து" என்றார்.

நான், "சத்தம் இல்லாம எப்ப கியர் மாத்துறதுன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கு இருக்கீங்க" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்வியிலிருந்துதான் என் கலை வாழ்க்கை தொடங்கியது. ஷெட்டில் வண்டி நிற்கும். மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்தில் அமர்ந்து அடியேன் உர்ர்ர்ர் என்று உறுமுவேன். குரல் உச்சத்துக்குப் போனதும் நிறுத்துவேன். அவர் கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியரைப் போடுவார். மறுபடி உர்ர்ர்ர். மூன்றாவது கியர். ஒரு நாளைக்கு எட்டுப் பேர். முதல் வாரம் தொண்டை கட்டியது. இரண்டாம் வாரம் எனக்கு உறுமல் மாஸ்டர் என்று பெயர் வந்தது. மூன்றாம் வாரம் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து, உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு, கேட்கவே சகிக்கவில்லை, கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறேன் என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனார்.

சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த விலை என் வீட்டுக்குள் வந்து உட்காரும்வரைக்கும்.

என் துணைவியார் நர்ஸ். மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்கும் நர்ஸ் அல்ல, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். அவருக்கு மொத்தம் பதினொரு நோயாளிகள். கிளினிக்கில் ஒரு வேன் இருந்தது, ஒரு டிரைவர் இருந்தார். பெட்ரோல் விலை ஏறியது, வேன் நின்றது, டிரைவருக்கு வேலை போனது. வேனுக்குப் பதில் இரண்டு சின்னக் கார்கள் வந்தன. இனி நர்ஸ்களே ஓட்டிக்கொள்ள வேண்டும், ஆறு வாரத்துக்குள் லைசென்ஸ் கொண்டுவருகிறவர்களுக்கு வேலை, மற்றவர்களுக்கு வந்தனம் என்று சுவரில் தாள் ஒட்டிவிட்டார்கள். எங்கோ ஒரு பலகையில் ஓர் எண் மாறுகிறது. இங்கே ஒரு பெண், நாற்பத்தாறு வயதில், எது கிளட்ச் எது பிரேக் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று மாலை அவர் அழவில்லை. சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, "வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாங்க. அந்தத் தையல் டீச்சருக்கு யாரு கட்டு மாத்துவா? காலைத் தொடவே விடமாட்டாங்க அந்தம்மா. என்னைத்தான் விடுறாங்க. ஆறு மாசமா இப்பத்தான் புண்ணு ஆற ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

"கவலைய விடு. உன் புருஷன் யாரு?" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதான் கவலை" என்றார்.

மறுநாளே ஷெட்டுக்கு வந்தார். வண்டியில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"என்னங்க, ஸ்டார்ட் பண்ணலையா?"

"பண்ணியாச்சே. கேளு. உர்ர்ர்ர்."

"இது நீங்க."

"இங்க நான்தான் என்ஜின்."

"வீட்லதான் உறுமுறீங்கன்னு நினைச்சேன். இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா."

தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். நான் உறுமினால் மிதிப்பார், நிறுத்தினால் மாற்றுவார். சமதளச் சாலையில் இரண்டு நாள் ஓட்டியும் காட்டினார். வழுக்கிக்கொண்டு போவது போல் போனது வண்டி. நான்காம் வாரம் தேர்வுக்கு அனுப்பினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

நம் தேர்வு மைதானத்தின் மேடு உங்களுக்குத் தெரியும். எத்தனை பேருடைய ஆசையை அது உருட்டி விட்டிருக்கிறது. என் துணைவியார் மேட்டில் ஏறத் தொடங்கினார். கால்வாசி தூரம் போயிருப்பார். இரண்டாவது கியரைப் போட்டார். வண்டி குலுங்கியது, உதறியது, அணைந்தது, பின்னால் உருண்டது. தேர்வு முடிந்தது.

இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேரே வேலைக்குப் போய்விட்டார், பஸ்ஸில், அந்தத் தையல் டீச்சருக்குக் கட்டு மாற்ற.

அப்போதுதான் ஆய்வாளர் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசமா பாக்குறேன். உங்க ஸ்கூல்ல இருந்து வந்த ஏழு பேரும் மேட்டுல ஒரே இடத்துலதான் செகண்ட் கியர் போடுறாங்க. ஒரு அடி முன்னாடி இல்ல, ஒரு அடி பின்னாடி இல்ல. யாரோ உள்ள உக்காந்து மணி அடிக்கிற மாதிரி. அங்க என்னதான் சொல்லிக்குடுக்குறீங்க?"

ஏழு பேர். ஏழு விதமான கால்கள். ஒருவர் கல்லூரிப் பெண், ஒருவர் ஓய்வு பெற்ற பாங்கு காசாளர், ஒருவர் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஏழு பேரும் எப்படி ஒரே இடத்தில் தவறுவார்கள்? அவமானத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. சாப்பிடும்போது யோசித்தேன். குளிக்கும்போது யோசித்தேன். எனக்கு யோசித்துப் பழக்கமில்லாததால் தலைவலி வந்தது.

கடைசியில் சமையலறையில் நின்றுகொண்டு என் மகளிடம், "நீ போன்ல நேரம் பாரு. நான் உறுமுறேன்" என்றேன்.

"அப்பா, பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். உர்ர்ர்ர்."

"நாலு வினாடி."

"மறுபடி பாரு. உர்ர்ர்ர்."

"நாலு." அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எப்பவும் ஏம்ப்பா அங்கயே நிறுத்துறீங்க? கார் அங்கதான் கியர் கேக்குமா?"

"இல்லம்மா. அங்க மூச்சு முடிஞ்சிடுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

தலைவர் அவர்களே, தோழர்களே, தாய்மார்களே, அந்த ஏழு பேருக்கும் நான் கற்றுக்கொடுத்தது காரை அல்ல. கற்றுக்கொடுத்தது என் நுரையீரலை. என் தொந்தி அனுமதித்த நான்கு வினாடியை. எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் அவர்கள் கியர் மாற்றினார்கள். சமதளத்தில் ஏதோ புண்ணியத்தில் என் மூச்சும் வண்டியின் வேகமும் ஒத்துப்போயின. மேட்டில் வண்டி மெல்ல ஏறும், வேகம் பிடிக்க நேரம் கேட்கும். என் மூச்சுக்கு மேடு தெரியுமா? பள்ளம் தெரியுமா? பாவம், அந்த மாவு மில் தொழிலாளி, எத்தனை மூட்டை சுமந்தவர், என் மூச்சையும் சேர்த்தல்லவா சுமந்திருக்கிறார்.

மறு தேர்வுக்குப் பதினான்கு நாள் இருந்தது. கிளினிக் கொடுத்த ஆறு வாரமும் அன்றோடு முடிகிறது. அன்றும் உருண்டால், பதினொரு வீடும் வேறொருவர் கைக்குப் போகும்.

முதலாளியிடம் போனேன். "மேட்டுல ஓட்டிப் பழக்கணுங்க. நிஜ பெட்ரோல் வேணும்" என்றேன்.

"மாஸ்டர், மேட்டுல ஏறுறது வண்டி இல்ல, என் ரத்தக்கொதிப்பு. உங்க வீட்டம்மாவுக்காக ரூலை மாத்தினா மத்தவங்க கேக்க மாட்டாங்களா?"

கேட்கட்டும், கேட்க வேண்டும், கேட்டால்தான் நல்லது என்று நான் கர்ஜித்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க" என்றேன். நாள் முழுக்க உறுமுகிற எனக்கு அங்கே ஓர் உறுமல் வரவில்லை. ஆனாலும் நம் தலைவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. நான் வாசலைத் தாண்டும்போது, "வண்டிய எடுத்துக்கங்க. பெட்ரோல் உங்க பாடு" என்றார். அதற்கு இந்த மேடையிலேயே நன்றி சொல்கிறேன்.

என் ஸ்கூட்டரை மூலையில் நிறுத்தினேன். அது குடிக்க வேண்டியதைக் காருக்கு ஊற்றினேன். பதினான்கு நாளும் வேலைக்கு நடந்தே போனேன், நடந்தே வந்தேன். போக நாற்பது நிமிடம், வர நாற்பத்தைந்து. வழியில் என்னிடம் படித்த பழைய மாணவர்கள் ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏறிக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன், கண்ணை ரோட்டைவிட்டு எடுப்பதே இல்லை.

காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்துக்கு அவரை அழைத்துப் போனேன். நிஜ என்ஜின், நிஜ மேடு. அவர் முதல் கியரைப் போட்டார், வண்டி நகர்ந்தது. நான் பழக்க தோஷத்தில் உர்ர் என்று தொடங்கினேன். அவர் நான்காவது வினாடியில் மாற்றினார். குலுங்கி அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்தது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வாய மூடுறீங்களா? அதைக் கேக்க விடுங்க" என்றார்.

மூடினேன். அவர் மறுபடி கிளப்பினார். தலையைச் சற்றே சாய்த்து, கட்டிலருகே நின்று நோயாளியின் மூச்சைக் கேட்பாரே, அப்படிக் கேட்டார். வண்டி ஏறியது. நான்கு வினாடி கடந்தது. ஐந்து. ஆறு. என் நாக்கு துடிக்கிறது, கால் துடிக்கிறது, பேசக் கூடாது.

"இன்னும் கனமாத்தான் மூச்சு விடுது, இல்லைங்க?"

"ம்."

"மூச்சு வாங்கிட்டு நிக்குறவரை நான் மாடிப்படி ஏறச் சொல்லமாட்டேன். இப்ப ரெண்டாவது போட்டா இது தாங்காது. அப்படியே விட்டுடணும்." மேட்டின் உச்சி வந்தது. சாலை தணிந்தது. அவர் முகமும் தணிந்தது. "இப்ப லேசாயிடுச்சு பாருங்க." கிளட்ச்சை மிதித்தார், மாற்றினார். வண்டிக்கே தெரியாமல் கியர் விழுந்தது. "சரியா மாஸ்டர்?"

இருபத்தொரு வருடம். ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள். அவர்களுக்குக் கையைச் சொல்லிக்கொடுத்தேன், காலைச் சொல்லிக்கொடுத்தேன், கண்ணாடியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். காது கொடுக்கச் சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. ஏன்? நானே கேட்டதில்லை. பெட்ரோல் மலிந்து கிடந்த நாளில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் அருகிய நாளில் வாயால் உறுமிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக்கு ஏங்கி, ஒரு சொட்டுக்காக நடந்து, அந்தச் சொட்டு எரியும்போதுதான், அது என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

பதினான்காம் நாள். மைதானத்து வாசலில் நின்றேன். வண்டி மேட்டில் ஏறியது. என்னையறியாமல் எண்ணினேன். நான்கு. ஐந்து. ஏழு. ஒன்பது. உச்சி. அப்புறம்தான் இரண்டாவது கியர், அதுவும் வெண்ணெயில் கத்தி இறங்கியதைப் போல. இறங்கி வந்த ஆய்வாளர் ஐயா தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "இவங்க ஸ்கூல் மாத்திட்டாங்களா?"

இன்னொரு சேதியும் உண்டு. அன்று மாலை என் மகள் மறுபடி நேரம் பார்த்தாள். பதினான்கு நாள் நடந்ததில் என் உறுமல் ஆறரை வினாடிக்கு நீண்டிருந்தது. அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

தலைவர் அவர்களே, சிக்கனம் கூடாதென்றா நான் சொல்கிறேன்? சிக்கனம் வேண்டும். மாணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடும் நேரத்தில் என்ஜினை அணைப்போம். ஒரு வண்டியில் நான்கு மாணவர்களைக் கூட்டிப்போவோம், ஒருவர் ஓட்ட மூவர் கேட்கட்டும். நம் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நடப்போம், நடந்தால் நமக்கே நல்லது. போட்டோக்காரரைப் போல முடிச்சுப் போடுவோம், முடிச்சை மறக்காமலும் இருப்போம். எங்கே வேண்டுமானாலும் பிடிப்போம். எதை வேண்டுமானாலும் சுருக்குவோம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர் மேட்டில் ஏறும் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடிக்கலாமா? அங்கே மிச்சம் பிடித்த பெட்ரோலை, ஏழு பேருடைய மறு தேர்வில் இரண்டு மடங்காக எரித்தோமே, அது சிக்கனமா? அவர்கள் உருண்டது மைதானத்தில். அந்த நான்கு வினாடியோடு நாளை அவர்கள் பெரிய சாலையில் உருண்டால், பின்னால் நிற்பது யார் வண்டி? உங்கள் வண்டியா? என் வண்டியா? குழந்தைகள் ஏறிய வண்டியா?

கொஞ்சம் பொறுங்கள். மூன்றாவது வரிசையில் என் துணைவியார் எழுந்துவிட்டார். என் பேச்சு பிடிக்காமல் எழவில்லை, நம்புங்கள். மாலை ரவுண்டுக்கு நேரமாகிவிட்டது. போய் வாம்மா. தாய்மார்கள் வழி விடுங்கள்.

தலைவர் ஐயா, அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஜன்னலோரத்தில் இருக்கும் தம்பிகள் கதவைத் திறங்கள். இந்த மண்டபத்து வாசலிலிருந்து பெரிய சாலைக்கு எவ்வளவு ஏற்றம் என்று வரும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் பேசமாட்டேன். நீங்களும் பேசாதீர்கள். கேளுங்கள்.

கிளப்பிவிட்டார்.

முதல் கியர்.

இன்னும் அதேதான். பின்வரிசையில் ஒரு பெரியவர் கையை ஆட்டி, மாத்து மாத்து என்கிறார். அவசரப்படாதீர்கள் ஐயா. மூச்சு இன்னும் கனமாக இருக்கிறது. கேட்கிறதா?

இதோ, லேசாகிறது.

மாற்றிவிட்டார்.

போய்விட்டார். அந்தத் தையல் டீச்சர் இப்போது காலை நீட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருப்பார்.

தீர்மானத்தை வாசிக்கலாம் தலைவர் அவர்களே. கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள், நான் தூக்கமாட்டேன். நாளைக் காலை நம் ஷெட்டில் எனக்கு என்ன பதில் காத்திருக்கிறதோ தெரியாது. நடந்தே வந்து கேட்டுக்கொள்கிறேன். உறுமலுக்கே பழகிய இந்தத் தொண்டையின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வாழ்த்தி வணங்கி அமர்கிறேன்.